காலணாவில் பச்சை பிடித்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள். முக்கியமாக, 1990களில் என்னுடைய வரலாற்று மன்றத்தில் இருந்தவர்கள். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு செப்புக் காசு. காசைச் சுற்றிப் பச்சையாக, பிசுபிசுவென்று, அரக்கு உருகினாற்போல ஏதோ. கூடவே ஒரு குரல் பதிவு: "சார், 94ல நம்ம கண்காட்சிக்கு வாங்கினேனே, நீங்க சொன்ன ஆல்பம்தான். வீடு மாத்தும்போது இப்பத்தான் தொறந்தேன். அப்பத்தா குடுத்த காலணா சார் இது. புளி போட்டுத் தேய்ச்சா போயிடுமா?"

அந்தக் காலணா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1862ஆம் வருடத்துக் காசு, விக்டோரியா ராணி தலை. அவருடைய அப்பத்தா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு வைத்திருந்தார். பழுப்பு நிறத்தில், ராணியின் மூக்கும் மகுடமும் தெளிவாகத் தெரியும். சுருக்குப்பையில் ஒன்றும் ஆகாத காசு என் ஆல்பத்தில் முப்பது வருடத்தில் கெட்டுப்போய்விட்டது.

உடனே பரண்மேல் இருந்த என் ஆல்பத்தை இறக்கிப் பார்த்தேன். அதே கம்பெனி இல்லை, அதே மாதிரிப் பிளாஸ்டிக். நான்கு பக்கங்களில் பச்சை.

அந்தக் காலத்தில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் காசுகளைச் சார்ட் அட்டையில் கோந்து தடவி ஒட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் செல்லோடேப் போட்டு ஒட்டுவார்கள். அதைப் பார்த்து, "காசை ஒட்டாதே, பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம் வாங்கு, இரண்டு பக்கமும் பார்க்கலாம்" என்றேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில், எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

வரலாற்று வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று தப்பாகப் போனால் அது எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்க்கொண்டே இருப்போம். இந்த ஒரு மாதமாக அதைத்தான் செய்தேன். காசு வைக்கிற பெட்டிக்கும் பைக்கும்கூட ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இந்தத் தப்பை முதலில் செய்தவன் நான் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

ஆல்பம் இல்லாத காலத்தில் மண்பானைதான் ஆல்பம். 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. அது ஏன் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். அந்தக் காசுகளை பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் அவை பளபளவென்றுதான் வெளியே வந்தன, ஏனென்றால் தங்கத்துக்கு மண்ணும் ஒன்றுதான், மாளிகையும் ஒன்றுதான். ஆனால் செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த சங்ககாலக் காசுகள் ஈயம். அமராவதி ஆற்றுமணலில் அரித்தெடுக்கிற காசுகள் பெரும்பாலும் செம்பு. ஈயமும் செம்பும் தங்கத்தைப் போல எதையும் தாங்கிக்கொண்டு கிடக்கிற சாதி இல்லை. பக்கத்தில் இருப்பது எதுவோ அதோடு சேர்ந்து மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழங்காசைப் பழங்காசு என்பதற்காகவே சேர்த்த ஆட்களில் முதலில் சொல்லப்படுபவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். திராட்சைத் தோட்டங்களில் கிடைக்கிற ரோமானியக் காசுகளை உழவர்கள் அவரிடம் கொண்டுவந்து விற்பார்கள். 1354ல் மாந்துவா நகரில் நான்காம் சார்லஸ் மன்னரைச் சந்தித்தபோது, பழைய ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த சில காசுகளைப் பரிசாகக் கொடுத்து, இவர்களைப் போல நடந்துகொள்ளுங்கள் என்கிற பொருளில் பேசினாராம். மன்னருக்கே பாடம் எடுத்திருக்கிறார், எங்கள் சாதிதான்.

அவருக்குப் பின்னால் ஐரோப்பாவில் அரசர்களும் பிரபுக்களும் மருத்துவர்களும் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். அதற்காகவே தனி அலமாரி செய்தார்கள். உயரமே இல்லாத இழுப்பறைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக நிறைய. ஒவ்வொரு இழுப்பறையிலும் வட்டமாகக் குடைந்த குழிகள். குழிக்குள் ஒரு வட்டக் காகிதச் சீட்டு, அதன்மேல் காசு. இது எந்தக் காசு, எங்கே கிடைத்தது, யாரிடம் எப்போது வாங்கியது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். 1753ல் பிரிட்டிஷ் மியூசியம் தொடங்கக் காரணமான ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் காசுகளும் பதக்கங்களும் மட்டும் சுமார் 32,000. அவ்வளவையும் எப்படிப் பிரித்து வைப்பது, எப்படித் தேடி எடுப்பது? இழுப்பறையும் சீட்டும்தான் வழி. இன்றைக்கும் பெரிய அருங்காட்சியகங்களில் அதே முறைதான். அந்தச் சீட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

சிக்கல் மரத்தில் வந்தது. நமக்குத் தேக்கு எப்படியோ, அவர்களுக்கு ஓக் அப்படி. உறுதியான மரம், கௌரவமான மரம். ஆனால் ஓக் மரம் பழையதானாலும் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அசிட்டிக் அமிலம் என்றால் வேறொன்றும் இல்லை, வினிகரில் இருப்பதுதான். மூடிய இழுப்பறைக்குள் அந்த ஆவி சுற்றிச் சுற்றி வரும். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஈயக் காசும் ஈயப் பதக்கமும்தான் மாட்டிக்கொள்ளும். மேலே வெள்ளையாகப் பூத்து, கடைசியில் மாவாக உதிர்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கு வெள்ளைச் சாயம் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஈயத் தகடுகளை வினிகர்ச் சட்டிகளுக்கு மேலே வைத்து, சுற்றிலும் சாணத்தைக் குவித்து மூடிவிடுவார்கள். சாணத்தின் சூட்டில் வினிகர் ஆவியாகும், சாணத்திலிருந்து கரியமில வாயுவும் வரும், மூன்று மாதத்தில் ஈயம் வெள்ளை மாவாகிவிடும். சாயப்பட்டறைக்காரர் தெரிந்தே செய்த அதே வேலையைச் சீமான்கள் தெரியாமல் தங்கள் வரவேற்பறையில் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு விலை உயர்ந்த அலமாரி வேறு.

பட்டறிவில்தான் மஹோகனி நல்லது என்று கண்டார்கள். காசு அலமாரி என்றாலே மஹோகனி என்று ஆனது அப்படித்தான். இதைச் சோதித்துப் பார்க்க ஒழுங்கான முறை வர இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆகிவிட்டது. 1973ல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி ஒரு எளிய சோதனையைச் சொன்னார். எந்தப் பொருளைச் சந்தேகப்படுகிறோமோ, மரமோ துணியோ பசையோ, அதில் ஒரு துண்டைக் கண்ணாடிக் குடுவையில் போடுவது. கூடவே வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றிலும் ஒவ்வொரு சின்னத் தகடு, கொஞ்சம் ஈரம். மூடி 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பது. பிறகு எந்தத் தகடு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. வெள்ளி கறுத்தால் கந்தகம். ஈயம் வெளுத்தால் அமில ஆவி. செம்பு கெட்டால் குளோரின் வகை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் காட்சிப் பெட்டிக்குள் எதை வைக்கலாம் என்று இன்றும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது சீமான்கள் கதை. நம் மாதிரி ஆட்கள் காசு சேர்க்க வந்தது அமெரிக்காவில், அதுவும் ஒரு பஞ்ச காலத்தில்.

1920களின் கடைசியில் பென்சில்வேனியாவில் பீஸ்டில் என்ற ஒருவர், விழாக்களுக்குக் காகித அலங்காரப் பொருள் செய்கிற தொழில் நடத்தியவர், அட்டையில் துளை போட்டு, இருபுறமும் ஒளிபுகும் பட்டைகளைச் செருகி, நடுவில் காசை வைக்கிற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். புத்தகம் மாதிரிப் புரட்டலாம். அதை வாங்கி விரிவாக்கியவர் வேய்ட் ரேமண்ட் என்ற காசு வியாபாரி. நல்ல ஆல்பம்தான், ஆனால் கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கானது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 10ஆம் வகுப்பில் படித்திருப்பீர்கள், அப்போது மனப்பாடம் செய்தீர்கள். கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. 1934 வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற ஊரில் ஜே. கே. போஸ்ட் என்ற பொறியாளர் ஒரு அட்டை தயாரித்தார். 11 அங்குலம் அகலம், 14 அங்குலம் உயரம். வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு வருடம், அந்தக் காசு அடித்த நாணயச்சாலையின் எழுத்து. சட்டைப்பையில் இருக்கிற ஒரு சென்ட் காசைப் பார்த்து, அந்த வருடத்துத் துளையில் வைத்து அழுத்தினால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அட்டையின் விலை 25 சென்ட். காசுகளுக்குத் தனியாகச் செலவே இல்லை, ஒரு சென்ட்டுக்கு ஒரு சென்ட். வேலை இல்லாத அப்பாவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சில்லறையைக் கொட்டித் தேட ஆரம்பித்தார்கள். அந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுத்த விட்மன் நிறுவனமே பிறகு தொழிலை வாங்கிக்கொண்டது. அங்கே அதைக் கவனித்த யோமன் என்பவர், 1940 வாக்கில் அட்டையை மூன்றாக மடித்துப் புத்தகம் போல ஆக்கினார். 1946ல் அவர் கொண்டுவந்த விலைப்பட்டியல் புத்தகம் சிவப்பு அட்டை போட்டு வருடாவருடம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது அந்தத் துளைதான். அதற்கு முன்னால் ஒருவர் லிங்கன் சென்ட் சேர்த்தார் என்றால் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பார். எல்லாம் ஒரே முகம்தானே. நாணயச்சாலைக் குறியைப் பார்க்க வேண்டும் என்று 1893ல் ஹீட்டன் என்பவர் ஒரு சிறு நூல் எழுதித்தான் சேகரிப்பாளர்களே கவனித்தார்கள். ஆனால் சாதாரண மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நூல் அல்ல, அட்டையில் இருந்த காலித் துளை. 1909ல் லிங்கன் சென்ட் வந்தபோது வடிவமைத்த பிரென்னரின் மூன்று முதலெழுத்துகள் பின்புறம் இருந்தன. இவ்வளவு பெரிதாகவா போடுவது என்று எதிர்ப்பு வந்து சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 4,84,000 மட்டும். அட்டை இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு காசு. அட்டையில் அதற்கென்று ஒரு துளை காலியாக நின்று முறைத்ததால் நாடே அதைத் தேடியது. விலை ஏறியது. பெட்டி என்பது காசை வைக்க மட்டும் இல்லை, எதைத் தேட வேண்டும் என்றும் அது சொல்லிவிடுகிறது.

நம் ஊரில் அந்த அட்டை இருந்திருந்தால் 1911 ரூபாய்க்கு அப்படி ஒரு துளை இருந்திருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் இருந்த யானை, பார்க்கப் பன்றி போலவே இருந்ததால் மக்கள் வாங்க மறுத்தார்கள். அரசு அவற்றைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டு, 1912ல் யானையைத் திருத்தி அடித்தது. பன்றி ரூபாய் என்றே அதற்குப் பெயர்.

அமெரிக்க அட்டைக்கும் ஒரு விஷம் இருந்தது. அட்டைக் காகிதத்தில் கந்தகம். வெள்ளிக் காசுகளின் விளிம்பிலிருந்து மஞ்சள், ஊதா, நீலம் என்று வளையம் வளையமாக நிறம் ஏறியது. பிற்காலத்தில் அந்த வானவில் நிறம் அழகு என்று சொல்லி அதற்கே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இருந்தாலும் அது அரிப்புதான், மெதுவாக நடப்பதால் அழகாக இருக்கிறது. இன்னொன்று, துளையில் காசைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். விரல் ரேகையின் வியர்வை உப்பு செம்பில் அப்படியே பதிந்துவிடும். லிங்கன் நெற்றியில் யாரோ ஒரு பையனின் ரேகையோடு எத்தனையோ சென்ட் காசுகள் உண்டு.

வட்டத் துளை அட்டை நம் காசுக்கு ஒத்துவந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நாணயங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பைசா சதுரம். இரண்டு பைசா பூ விளிம்பு. மூன்று பைசா அறுகோணம். ஐந்து பைசா சதுரம். பத்து பைசா மறுபடி பூ விளிம்பு. ஓரணா அலை விளிம்பு, இரண்டணா சதுரம். 1943 முதல் வந்த ஒரு பைசாவில் நடுவில் ஓட்டை வேறு. இப்படிப்பட்ட ஊருக்கு வசதியானது சதுரப் பை வைத்த பிளாஸ்டிக் பக்கம்தான். எந்த வடிவம் என்றாலும் உள்ளே போய்விடும், இரண்டு பக்கமும் தெரியும், மலிவு. வருடத்துக்குக் கீழே வைரக்கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று உங்களை மனப்பாடம் செய்யவைத்ததும் அந்தப் பக்கங்களை வைத்துத்தான்.

அந்த மெதுவான, வளைகிற, கண்ணாடி போன்ற பை பெரும்பாலும் பி.வி.சி. அதுதான் வில்லன்.

பி.வி.சி. தன்னளவில் விறைப்பானது, தண்ணீர்க் குழாய் மாதிரி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை மெதுவாக்க, பிளாஸ்டிசைசர் என்று எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். புது மழைக்கோட்டை விரித்தால் ஒரு வாசனை வருமே, அது இந்தக் கலவையின் வாசனைதான். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு நிரந்தரமாகக் கட்டுண்டு இருப்பதில்லை. வருடக்கணக்கில் கசிந்து வெளியே வந்து காசின்மேல் படியும். பிளாஸ்டிக்கும் சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். நம் ஊர் மே மாதமும், பரணும், சிமெண்டு ஓடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமிலம் செம்பைத் தொட்டதும் பச்சை. எண்ணெயோடு கலந்து பிசுபிசுப்பு. வெள்ளி ரூபாய் தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். 1939 வரை அடித்த வெள்ளி ரூபாயிலும் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குமேல் செம்புக் கலப்பு உண்டு. பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கு. அதிலும் பச்சைப் படலம் வரும். 1940க்குப் பிறகு வந்த ரூபாயில் வெள்ளியே பாதிதான்.

நம் வீடுகளில் 'களிம்பு' என்று ஒரு சொல் உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை செம்பில் களிம்பு. செம்போடு கூடவே பிறந்தது, வெளியிலிருந்து வந்தது அல்ல என்பது அங்கே கருத்து. அதனால்தானோ என்னவோ, செம்பு பச்சையானால் நாம் செம்பையே குறை சொல்கிறோம். அந்த மாணவரும் "பழைய காசு இல்லையா சார், பச்சை பிடிக்கத்தானே செய்யும்" என்றார். இல்லை. இந்தப் பச்சை காசிலிருந்து வரவில்லை, பையிலிருந்து வந்தது.

குளோரின் செம்புக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று நம் சென்னையிலேயே எப்போதோ பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வெட்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே வேதியியல் ஆய்வகம் இருந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார். மண்ணிலிருந்து எடுத்த சிலைகளில் உப்பின் குளோரின் உள்ளே ஒளிந்திருக்கும். ஈரக் காற்று பட்டதும் அமிலமாகி, இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று, மறுபடி குளோரைடாகி, மறுபடி அமிலமாகி, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். எத்தனை முறை பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன்! சிலைகளைக் காட்டினேன், அந்த நோயைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில், உங்கள் ஆல்பம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பை மெதுவாகத் தொய்ந்து, மழைக்கோட்டு வாசனை வந்தால் சந்தேகப்படுங்கள். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் பைல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் 1872ல் சொன்ன சோதனை இருக்கிறது. செப்புக் கம்பியைச் சூடாக்கி, பையின் ஒரு மூலையைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், புகை நல்லதில்லை. மொட்டை மாடியில், பெரியவர்கள் மட்டும். அவ்வளவு பாடு வேண்டாம் என்றால், சந்தேகம் வந்ததும் காசுகளை வெளியே எடுத்துவிடுங்கள், அதுவே போதும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் பி.வி.சி. இல்லாததுதானா என்று கேளுங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியஸ்டர் என்று போட்டிருந்தால் வாங்கலாம். பாலியஸ்டர் பைகள் கொஞ்சம் விறைப்பாக, படபடவென்று சத்தம் போடும். அதனால் விளிம்பு காசைக் கீறிவிடாமல் பார்த்துப் போட வேண்டும். என் தேர்வு இரண்டங்குலச் சதுர அட்டைகள். நடுவில் மைலார் ஜன்னல், மைலார் என்பதும் பாலியஸ்டர்தான். காசை வைத்து மடித்து நான்கு பக்கம் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். நம் சதுரக் காசுக்கும் பூ விளிம்புக் காசுக்கும் இது ஒத்துவரும், ஓரத்தில் எழுதவும் இடம் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அட்டையில் இருக்கிற ஜார்ஜ் மன்னர் கன்னத்தில் கோடு விழும். எடுக்கும்போதும் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பலர் அவசரத்தில் இழுத்துக் கீறிவிடுகிறார்கள். இந்த அட்டைகளைச் செருகுகிற பெரிய பக்கமும் பி.வி.சி.யாக இருக்கக் கூடாது. உள்ளே நல்ல பை, வெளியே கெட்ட பை என்றால் பாதி வேலைதான்.

ஒன்றிரண்டு நல்ல வெள்ளிக் காசுக்கு வட்டமான கெட்டிப் பிளாஸ்டிக் குப்பி நல்லது, சரியான அளவு பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1986க்குப் பிறகு பிரபலமான, தரம் போட்டு முத்திரை வைத்த பெட்டிகளைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். விற்கிற எண்ணம் இருந்தால் யோசியுங்கள். தாத்தா காசுக்கு அது வேண்டாம், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம், வெள்ளியில் கறுப்பு வரி விழும். பாச்சை உருண்டை போட்ட பீரோ வேண்டாம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். கடற்கரை ஊர்க்காரர்கள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள். அலுமினியப் பைசாக்கள் உப்புக் காற்றில் வெள்ளையாகப் பொரிந்துபோகும், அவற்றையும் அலட்சியமாக விடாதீர்கள். 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமல் போனபிறகு எத்தனையோ வீட்டில் அவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. கண்ணாடி பாட்டில், பரவாயில்லை, என் ஆல்பத்தைவிட எவ்வளவோ மேல்.

புளி, எலுமிச்சை, விபூதி, பற்பொடி, சாம்பல் எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குப் புளி சரி. காசின் மேல் இருக்கிற பழுப்புத் தோல் அழுக்கு இல்லை, நூறு வருடம் சேர்ந்த பாதுகாப்பு. தேய்த்தால் பளபளக்கும், அதோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும்.

பச்சை பிடித்தவற்றுக்குச் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கிற வாசனைத் திரவம் அல்ல, அதில் எண்ணெய் கலப்பு உண்டு. ஆய்வகத்துக்கு விற்கிற அசிட்டோன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைப் போட்டு, மூடி வைத்து, பிறகு புது அசிட்டோனில் இன்னொரு முறை. தேய்க்கக் கூடாது, விளிம்பைப் பிடித்து எடுத்துத் தானாகக் காயவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். பிசுபிசுப்பு கரைந்துவிடும். செம்பைத் தின்ற இடம் திரும்ப வராது.

என் நான்கு பக்கங்களில் பெரும்பாலானவை பிழைத்தன. இரண்டு செப்புக் காசுகளில் வருடமே தெரியவில்லை.

அந்த மாணவர் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். மாடியில் வைத்து அசிட்டோனில் போட்டோம். ராணியின் முகமும் மகுடமும் தப்பின. கழுத்துக்குக் கீழே அரிசி அளவுக்கு ஒரு பள்ளம், அது நிலைத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், "விடுங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காசை அட்டையில் வைத்துப் பின் அடித்ததும், அருங்காட்சியக முறைப்படி ஒரு சீட்டு எழுத வேண்டும் என்று அவர் மகளிடம் சொன்னேன். நான்காம் வகுப்புப் படிக்கிறாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. காசுக்கு என்ன நடந்ததோ எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றதும், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இப்படி எழுதினாள்: "காலணா, 1862. பெரிய அப்பத்தா சுருக்குப்பையில் இருந்தது. 1994 முதல் தப்பான ஆல்பத்தில் இருந்தது. ஆல்பம் வாங்கச் சொன்னது அப்பாவோட சார்."